இருமலே இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்: டெல்லிக் குளிர்காலமும் அப்பாவின் இதயமும்

டெல்லிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் நம்மூர்க் குடும்பங்கள் நவம்பர் பிறந்ததும் என்னிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "கண்ணு கொஞ்சம் எரியுது, தொண்டை கரகரங்குது. மத்தபடி இருமல் ஒண்ணும் இல்லை. பழகிடும் இல்லையா?" என்பார்கள். கண்ணும் தொண்டையும் ஓரளவுக்குப் பழகத்தான் செய்யும். ரத்தக்குழாய்கள் பழகுவதில்லை. காற்று மாசு என்றதும் நுரையீரல், இருமல், இளைப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள், இதயத்தையும் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களோ, பிரஷர், சர்க்கரை உள்ளவர்களோ இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாங்கள் ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மலை மந்திர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில் நடக்கிற தூரம். நான் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன், கணவருக்கு மத்திய அரசு வேலை. அம்மா போன பிறகு அப்பா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரஷருக்கு ஒரு மாத்திரை, சர்க்கரை எல்லைக்கோட்டில். புகை, வெற்றிலை எதுவும் கிடையாது. விடியற்காலையில் எழுந்து நடப்பது அவருக்கு வாலிபத்தில் இருந்தே பழக்கம். காவிரிக்கரையில் நடந்தவர் இங்கே வந்தும் அதை விடவில்லை. மார்கழி வந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் எழுந்து குளித்து, ஸ்வெட்டர் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போவார், அப்படியே ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வருவார்.

அந்த மார்கழியில் தொடர்ந்து பல நாட்கள் சூரியன் சரியாகவே தெரியவில்லை. காலையில் எதிர்வீட்டு மாடி கண்ணுக்குப் படாது. என் மகனுக்கு இளைப்பு வந்து நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தோம், வீட்டில் எல்லோருடைய கவலையும் அவன் மேல்தான். அப்பாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், "நெஞ்சைப் பிடிச்சாப்ல இருக்கும்மா. வாயுதான். கொஞ்சம் ஓமத் தண்ணி வச்சுக் கொடு" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில், ஹீட்டர் போடாத கூடத்தில் ஒரு மனிதருக்கு வேர்க்கிறது என்றதும் என் கணவர் எதுவும் பேசாமல் கார் சாவியை எடுத்துவிட்டார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, அன்று இரவே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். சீக்கிரம் கொண்டுவந்ததால் இதயத் தசைக்குப் பெரிய சேதம் இல்லை என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் "வாயு" என்று வைத்தியம் பார்க்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் களைப்பாகவும் வரலாம். டெல்லியில் ஆம்புலன்ஸ் எண் 102. நம் வீடுகளில் ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் எத்தனையோ பேருடைய பொன்னான நேரத்தை விழுங்கியிருக்கின்றன.

டிஸ்சார்ஜ் அன்று இதய மருத்துவர் எங்களை உட்காரவைத்து விசாரித்தார். உப்பு, எண்ணெய், மாத்திரை, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, "காலையில் எத்தனை மணிக்கு நடக்கிறார்? வெளியிலா?" என்றும் கேட்டார். நாங்கள் சொன்னதும் சிறிது நேரம் அதைப் பற்றியே பேசினார். இவருக்கு வந்த அடைப்புக்கு இந்தக் காற்றுதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, வயது, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது என்றார். ஆனால் ரத்தக்குழாயில் ஏற்கனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு என்றைக்கு உடையும் என்பதில் காற்று மோசமாக இருக்கும் நாட்களுக்குப் பங்கு உண்டு என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம், சிகரெட்டை விடச் சொல்கிற அதே அக்கறையோடு இதையும் சொல்கிறேன் என்றார். அந்த நேர்மையால்தான் அவர் சொன்னது என் மனதில் நின்றது.

அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததை வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். பிஎம் 2.5 என்பது ஒரு தனிப் பொருளின் பெயர் இல்லை, அது ஓர் அளவு. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் விட்டமுள்ள எல்லாத் துகள்களும் அதில் அடக்கம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்றால் இவை எவ்வளவு சிறியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் கரி, வைக்கோல் புகை, குப்பை எரித்த புகை, அனல்மின் நிலையச் சாம்பல் என எல்லாமே இதில் உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இந்தத் துகள்களில் கணிசமானவை துகளாகவே வெளியே வருவதில்லை. வாகனங்கள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், நிலக்கரியில் இருந்து வரும் கந்தக டைஆக்சைடு, உரம் போட்ட வயலில் இருந்தும் மாட்டுச் சாணத்தில் இருந்தும் கிளம்பும் அம்மோனியா ஆகியவை காற்றிலேயே சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட்டாகவும் அம்மோனியம் சல்பேட்டாகவும் மாறுகின்றன. குளிரும் ஈரப்பதமும் அதற்குத் தோதாக இருக்கின்றன. பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிப்பது நவம்பர் கடைசியில் ஓய்ந்த பிறகும் டிசம்பர், ஜனவரிக் காற்று திருந்தாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "தீபாவளியும் வைக்கோலும் முடிஞ்சா சரியாயிடும்" என்று நம்பி ஜனவரியில் கவனத்தை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். பிஎம் 2.5 அதையெல்லாம் தாண்டி, மூச்சுக்குழாயின் கடைசிக் கிளையில் இருக்கும் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் வரைக்கும் போய்விடுகிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. கரியையும் உலோகத்தையும் அவற்றால் ஜீரணிக்க முடியாது. அதனால் அழற்சி கிளம்புகிறது. அழற்சியைக் கூட்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக்குழாயின் உள்சுவர் நெகிழ்ச்சியை இழக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. 0.1 மைக்ரோமீட்டருக்கும் கீழான மிகமிக நுண்ணிய துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே நுழைந்துவிடவும் கூடும். இந்த வழியில் எந்த இடத்திலும் இருமல் வர வேண்டிய கட்டாயமே இல்லை. அப்பாவுக்கு வரவில்லை.

இதெல்லாம் ஊகமாகச் சொல்லப்படுவதில்லை. 1993-ல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு 8,111 பெரியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. சிகரெட், உடல் எடை, படிப்பு, தொழில் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மிக மாசுபட்ட ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த "மிக மாசுபட்ட" அமெரிக்க ஊரின் நுண்துகள் சராசரி கனமீட்டருக்கு சுமார் 30 மைக்ரோகிராம்தான். டெல்லியின் ஆண்டுச் சராசரி 100-ஐ ஒட்டியே இருந்துவருகிறது. நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் காரண-காரியத் தொடர்பு உண்டு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2013-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2019-ல் வெளிக்காற்று மாசால் உலகம் முழுவதும் 42 லட்சம் பேர் அகால மரணமடைந்தார்கள் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு. அதில் பெரிய பங்கு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்.

எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுத்தது பெய்ஜிங் ஆய்வு. 2008 ஒலிம்பிக்ஸுக்காக அங்கே ஆலைகளையும் வாகனங்களையும் சில வாரங்கள் கட்டுப்படுத்தினார்கள். அப்போது ஆரோக்கியமான இளம் மருத்துவர்களின் ரத்தத்தைப் போட்டி நடப்பதற்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் பரிசோதித்தார்கள். காற்று சுத்தமான அந்தச் சில வாரங்களில் ரத்தம் உறைதல் தொடர்பான குறியீடுகள் குறைந்தன, கட்டுப்பாடு நீங்கியதும் சில குறியீடுகள் பழையபடி ஏறின. எந்த நோயும் இல்லாத இளைஞர்களுக்கே இப்படி. அப்படியானால் சில வாரங்கள், சில நாட்கள், ஏன், இரவில் தூங்கும் எட்டு மணி நேரம் சுத்தமான காற்று கிடைத்தாலும் அது வீணாகாது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஏற்பாடுகள் எல்லாம் இந்த எண்ணத்தில் இருந்து தொடங்கியவைதான்.

முதலில் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செய்தியில் சொல்லும் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு வேறு, காற்றில் உண்மையாக இருக்கும் மைக்ரோகிராம் வேறு. நம் நாட்டு அளவுகோலில் பிஎம் 2.5 கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் ஏக்யூஐ 100. அதை "திருப்தி" என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். அதே காற்று அமெரிக்க அளவுகோலில் 150-ஐத் தாண்டி "ஆரோக்கியமற்றது" ஆகிவிடும். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன அளவு ஒரு நாளுக்கு 15, ஆண்டுச் சராசரி 5. அதனால்தான் இரண்டு செயலிகள் இரண்டு எண்ணைக் காட்டி ஜனங்களைக் குழப்புகின்றன. இன்னொரு விஷயம், அரசின் ஏக்யூஐ 24 மணி நேரச் சராசரி, 500-க்கு மேல் ஏறாது. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியில் அது 494. அப்பா வெளியே கிளம்பும் அந்த ஒரு மணி நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதை அந்தச் சராசரி சொல்லாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் பக்கத்து நிலையத்தின் மணிவாரி அளவைப் பாருங்கள். ஆர்.கே.புரத்திலேயே ஒரு நிலையம் இருப்பது எங்களுக்கு வசதி. வீட்டுக்குள் பார்க்க ஒரு சின்ன அளவியும் வாங்கினோம். அது லேசர் ஒளிச் சிதறலை வைத்துக் கணக்கிடுவதால் பனிமூட்டத்தின் நீர்த்துளிகளையும் துகளாக எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும்.

எங்கள் வீட்டு விதி இப்படி. மணிவாரி பிஎம் 2.5 அளவு 60 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அப்பா வெளியே நடக்கலாம். 60-க்கும் 120-க்கும் நடுவே என்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம், மெதுவாக. அதற்கு மேல் போனால் வீட்டுக்குள்தான். இது நாங்களே வகுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டிச் சரி என்று கேட்டுக்கொண்டது. உங்கள் வீட்டுப் பெரியவரின் உடம்புக்கு ஏற்றதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நடையையே நிறுத்திவிடுவது சரியில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு நடை மருந்து மாதிரி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம், வேகமாக ஓடினால் அது பல மடங்காகிறது. அதனால் மோசமான காற்றில் வேகநடையும் ஓட்டமும் கூடாது, அவ்வளவுதான்.

கஷ்டம் எல்லாம் நேரத்தில்தான் வந்தது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று ஓர் அடுக்காக நின்று, கீழே இருப்பதை மேலே போகவிடாமல் தடுக்கிறது. காற்றும் அடிப்பதில்லை. இரவெல்லாம் ஊருக்குள் வரும் லாரிகளின் புகையும், குளிருக்கு மூட்டும் தீயின் புகையும் அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலைகிறது. பெரும்பாலான குளிர்கால நாட்களில் மத்தியானம் ஒரு மணியில் இருந்து நான்கு மணி வரைக்கும் உள்ள காற்றுதான் அன்றைக்குக் கிடைக்கும் நல்ல காற்று. பின்னிரவும் விடியற்காலையும் மிக மோசம். கடற்காற்று வீசும் ஊரில் வளர்ந்த நமக்கு விடியற்காலைக் காற்று என்றாலே சுத்தம் என்பது ரத்தத்தில் ஊறிய நினைப்பு. டெல்லியின் மார்கழிக்கு அது பொருந்தாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. "மார்கழியில வெயில் ஏறினப்புறம் கோயிலுக்குப் போறதுக்குப் போகாமலே இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவருடைய மனசில் அந்த ஒரு மாதத்துக்கு என்ன இடம் என்று எனக்குத் தெரியும், அம்மாவும் அவரும் சேர்ந்து திருவெம்பாவை சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போன மாதம் அது. மருத்துவர் சொன்னதை மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும் என்று அடுத்த பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் வீட்டிலேயே விளக்கேற்றிப் பாட்டைச் சொல்லிவிடுகிறார். காற்றடித்து அளவு இறங்கிய நாட்களில் மாஸ்க் போட்டுக்கொண்டு அதிகாலையிலேயே போகிறார், மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல். பஜனைக்குப் போகும் இன்னும் சில பெரியவர்களும் இப்போது காலையில் என்னிடம் "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

வெளிக்காற்றைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நாமே புகையை உண்டாக்குவது இன்னொரு பெரிய விஷயம். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாமே எரிந்து நுண்துகளைத்தான் விடுகின்றன. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வரும் பிஎம் 2.5 சுமார் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதைப் படித்த அன்றே வீட்டில் கொசுவலை கட்டிவிட்டோம். கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் வழக்கம். கதவு, ஜன்னல் திறந்து கிடக்கும் ஊர் வீட்டில் அது கலைந்து போய்விடும், குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவைத்த டெல்லி அறையில் அந்தப் புகை மணிக்கணக்கில் குழந்தையைச் சுற்றியே நிற்கும். தயவுசெய்து இங்கே அதை விட்டுவிடுங்கள், மெல்லிய துண்டால் தலையை நன்றாகத் துவட்டினால் போதும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போதும், வடை, அப்பளம் பொரிக்கும்போதும் அடுப்படிக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். எங்கள் அளவி தாளிக்கிற நேரத்தில் வெளிக்காற்றையே தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பதும் நல்ல பலன் தருகிறது.

ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்க முடிந்தால் பெரியவரோ குழந்தையோ தூங்கும் ஓர் அறைக்கு ஒன்று வாங்குங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை. பெட்டியில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா பில்டர் இருக்கிறதா என்றும், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்து தரும் என்பதைச் சொல்லும் சிஏடிஆர் என்ற எண் எவ்வளவு என்றும் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு சுமார் 41 கனமீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டும் என்றால் சிஏடிஆர் மணிக்கு 205 கனமீட்டருக்குக் குறையக் கூடாது. பெட்டியில் போட்டிருப்பது அதிகபட்ச வேகத்தில் கிடைக்கும் எண், அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. அதனால் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். ஓசோன் விடும் அயனிக் கருவிகள் வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல். ஜன்னல் இடுக்குகளுக்கு ஃபோம் டேப் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நாள் முழுக்க அடைத்தே வைத்தால் அறையில் கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும், ஆகவே மத்தியானம் காற்று தெளிந்த நேரத்தில் கொஞ்சம் திறந்து விடுங்கள். மணி பிளான்ட் தொட்டிகளை வாங்கி அடுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: செடி கண்ணுக்கு நல்லது, நுண்துகளை அது குறைக்காது.

அதே மாதிரி வெல்லம். தினம் ஒரு கட்டி வெல்லம் சாப்பிட்டால் தூசி கழிந்துவிடும் என்று டெல்லியில் எல்லோரும் சொல்வார்கள். துகள் போயிருப்பது மூச்சு வழியில், வெல்லம் போவது உணவு வழியில், சர்க்கரை உள்ளவருக்கு அது வேறு கேடு. தூதுவளை ரசமும் ஆவி பிடிப்பதும் தொண்டைக்கு இதம், நானும் வைத்துக் கொடுக்கிறேன். காற்றுப் பையில் தங்கிய கரியை அவற்றால் எடுக்க முடியாது.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நுரையீரல் பதின்ம வயது முடியும் வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தெற்கு கலிபோர்னியாவில் 10 வயதில் இருந்து 18 வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று 2004-ல் வந்தது. நுண்துகள் அதிகமுள்ள ஊர்களில் நுரையீரல் திறன் தேவையான அளவுக்கும் கீழே நின்றுபோன பிள்ளைகள், சுத்தமான ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதே பகுதியில் பிற்பாடு காற்று மேம்பட்டபோது பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டதை 2015-ல் காட்டினார்கள். அதனால் பள்ளியில் மோசமான நாட்களில் விளையாட்டு வகுப்பை மைதானத்தில் இருந்து உள்ளே மாற்றச் சொல்லி நான் விடாமல் கேட்கிறேன். பெற்றோரும் கேட்டால்தான் நிற்கும்.

என் மகனின் இளைப்புக்கு மருத்துவர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஒன்று இளைப்பு வந்தால் உடனே அடக்குவது, இன்னொன்று வராமல் தடுக்க தினமும் எடுப்பது. தடுக்கும் மருந்தைக் குளிர்காலம் வருவதற்கு முன்பே, அக்டோபரில் இருந்தே ஒழுங்காக எடுக்க வைத்தார். "இன்ஹேலர் பழகிடும், விட முடியாது" என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். அப்படிப் பழகுகிற மருந்து இல்லை அது, மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவில் நேராக மூச்சுக்குழாய்க்கே போவது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்து எடுத்து, எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இதோடு வீட்டில் எல்லோருக்கும் வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி, அப்பாவுக்கு மருத்துவர் சொன்னபடி நிமோனியா தடுப்பூசியும் போடுகிறோம்.

முடிந்தால் பெரியவர்களைத் தீபாவளி கழிந்ததும் ஊருக்கு அனுப்பிப் பொங்கலுக்கு அப்புறம் கூட்டி வாருங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்யப் பார்க்கிறோம். சென்னைக் காற்றும் உலக சுகாதார அமைப்பின் அளவைப் பல மடங்கு தாண்டியதுதான், போகிக் காலையில் இன்னும் மோசம், ஆனாலும் டெல்லியின் ஜனவரியோடு ஒப்பிடவே முடியாது. அனுப்பும்போது மூன்று மாத மாத்திரை, ஸ்டென்ட் அட்டை, கடைசி ஈசிஜி நகல், ஊரில் பார்க்கப்போகும் மருத்துவரின் பெயர் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள்.

எல்லோராலும் ஊருக்குப் போக முடியாது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி 2025 ஜூனில் இடிக்கப்படும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். இப்போது தொலைவில் வாடகை அறை. இருட்டிலேயே கிளம்பி இரண்டு பஸ் மாறி, காற்று மிக மோசமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் தெருவில் நிற்பார். ப்யூரிஃபையர், அளவி என்று நாம் பேசுவதெல்லாம் அவருக்கு எட்டாதவை. அவருக்காக நாங்கள் செய்ய முடிந்தது, குளிர்காலத்தில் வேலை நேரத்தைப் பத்து மணிக்கு மேல் மாற்றிக் கொடுத்தது. ஒரு ரூபாய் செலவில்லை. கூடவே என்95 மாஸ்க்குகளும் கொடுக்கிறோம். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரங்களில் காற்றை விட்டுவிடும், துப்பட்டாவும் முந்தானையும் இந்தத் துகளைத் தடுக்காது. என்95-ஐ மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, மூச்சை இழுக்கும்போது மாஸ்க் உள்ளே ஒட்டுகிறதா என்று பார்த்துப் போட வேண்டும். தாடி இருந்தால் சரியாகப் பொருந்தாது. துவைக்கக் கூடாது, காகித உறையில் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், நாடா தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ மாற்றிவிட வேண்டும். அதைப் போட்டு மூச்சு விடச் சிரமப்படும் இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவுக் காவலாளிகள் குளிருக்கு விறகும் பிளாஸ்டிக்கும் போட்டு எரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை முதலில் அவர்கள் நெஞ்சுக்குப் போகிறது, பிறகு நம் ஜன்னலுக்கு வருகிறது. திட்டுவதால் பயனில்லை, அவர்களுக்குக் குளிருகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசிக் காவல் அறைக்கு ஒரு மின் ஹீட்டர் வாங்கி வைத்தோம். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிக் கார்பன் மோனாக்சைடால் இறப்பதும் இங்கே குளிர்காலந்தோறும் நடக்கிறது, ஹீட்டர் இருந்தால் அந்த ஆபத்தும் இல்லை. காற்று மோசமானால் படிப்படியாக அமலாகும் அரசின் கிராப் திட்டத்திலேயே, காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சங்கத்தில் யாராவது செலவுக்குத் தயங்கினால் அந்த உத்தரவைக் காட்டுங்கள், அக்டோபர் கூட்டத்திலேயே காட்டுங்கள்.